ஏர்பேக் என்று எழுதியிருந்த வண்டி

சொந்தமாகக் கார் வாங்கும் வயதுக்கு வந்துவிட்ட என் மகளுக்கு,

உனக்கு இப்போது மூன்று வயது. நீ இதைப் படிக்க இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், குன்றத்தூரில் உன் அம்மா வீட்டுத் தெருவில் இருக்கிறவர்கள் எனக்கு முன்பே உன் காதில் ஓதிவிடுவார்கள். உன் தாத்தா வாங்கிய காரில் ஏர்பேக் இருந்தது, அதை உன் அப்பன் கழற்றிவிட்டான், அதனால்தான் உன் நெற்றி கிழிந்தது என்று அந்தத் தெருவில் ஒரு கதை ஓடுகிறது. இங்கே படப்பைக்குக் குடிவந்த பிறகும், பால் வாங்கப் போனால் அதைக் கேட்கிறேன். முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தால், கத்தி என் கழுத்தில் இருக்கும்போதே அதைக் கேட்கிறேன். அதனால்தான் இதை உறைக்குள் போட்டு ஒட்டி உன் பீரோவில் வைக்காமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உன் தாத்தாவும் படிக்கட்டும். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் இஞ்சினியராக இருக்கிறேன். தப்பு எங்கே என்று கேட்டால் இடத்தைத் தொட்டுக் காட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

2014-இல் நாம் உன் தாத்தா வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே அவர், மேலே நாம் மூன்று பேர். அவர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குப் போனதும் அவருடைய வேனில்தான். நம்மிடம் ஒரு பைக் இருந்தது. நான் ஓட்ட, உன் அம்மா பின்னால் உட்கார, நீ பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து இரண்டு கண்ணாடிகளையும் பிடித்துக்கொண்டு வருவாய். கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலையில் உன்னை அப்படி ஏற்றிப்போவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். அதனால் வீட்டுக்கு ஒரு கார், நானும் உன் தாத்தாவும் சேர்ந்து வாங்குவது என்று முடிவாயிற்று. அதோடு எங்கள் ஒற்றுமையும் முடிந்தது.

நான் சொன்னது காம்பாக்ட் எஸ்.யூ.வி. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன வண்டி, ஆனால் அதன் உச்ச ரகம். முன்னால் இரண்டு ஏர்பேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிற்கும் பிரேக் எல்லாம் இருக்கும். அவர் சொன்னது மிட்-சைஸ் எஸ்.யூ.வி. நீளம் அதிகம், அகலம் அதிகம், ஆனால் அதன் அடிமட்ட ரகம். ஏர்பேக் கிடையாது, அந்த பிரேக்கும் கிடையாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. அதே பணத்துக்குச் சின்ன வண்டியில் எல்லாம் வேண்டுமா, பெரிய வண்டியில் ஒன்றும் வேண்டாமா என்பதுதான் கேள்வி. எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை. அவருக்கும் இருக்கவில்லை.

“இன்னா மாப்ள, படிச்சவரு நீங்க. ஆள் ஏறினா வண்டி அமுங்கற மாதிரி ஒண்ண காட்டிகினு கீறீங்க,” என்றார். “ஒரகடம் ரோட்ல டிரெய்லர்காரன் எவனுக்கு வயி வுடுவான்? பெருசுக்குத்தான் வுடுவான். நான் ரோட்லயே பாதி ஆயுச ஓட்டினவன்.”

அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வண்டி மோதினால் எடை அதிகமான வண்டிக்குள் இருப்பவருக்கு அடி குறைவு. இது இயற்பியல். ஆனால் அவர் இயற்பியல் பேசவில்லை. தெருவில் நின்றால் நான்கு வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்றார். வேன் காண்ட்ராக்ட் பேச கம்பெனி கேட்டுக்குள் போகும்போது செக்யூரிட்டி எழுந்து நிற்க வேண்டும் என்றார். அதற்கு நம் வீட்டில் மூன்று பேருடைய விலா எலும்பை ஏன் பணயம் வைக்க வேண்டும்?

தண்டலம் பக்கம் ஹைவேயில் இருந்த ஷோரூமுக்கு நான், உன் அம்மா, உன் தாத்தா மூன்று பேரும் போனோம். டை கட்டின பையன் ஒருவன் மிட்-சைஸின் கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னான். உன் தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கச்சேரி கேட்பதைப் போல. நான் சின்ன வண்டியில் ஏர்பேக் உள்ள ரகம் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். “அதுக்கு வெயிட்டிங் சார். சார், எல்லாரும் மைலேஜ் கேப்பாங்க, மியூசிக் சிஸ்டம் கேப்பாங்க. ஏர்பேக் யாரு சார் கேக்கறாங்க? நம்ம ரோட்ல நாப்பதுல போறதுக்கு எதுக்கு அது? சீட் கவர் ஃப்ரீயா போட்டுத் தரேன்,” என்றான். சீட் கவரை மூஞ்சிக்கு முன்னால் கட்டிக்கொண்டு சுவரில் ஓடி மோதிப் பார் தம்பி, பிறகு பேசுவோம் என்றேன். உன் அம்மா என் கையைக் கிள்ளினாள். உன் தாத்தா அவனிடம், “அவுரு அப்டித்தான் பேசுவாரு, நீ வெள்ள கலர் காட்டு,” என்றார்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று நீ கேட்கலாம். நான் தினமும் பார்த்தது அப்படி. அந்தச் சின்ன வண்டியும் பெரிய வண்டியும் எங்கள் லைனில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். பானெட்டில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து எதை மாட்ட வேண்டுமோ அதை மாட்டுவார்கள். கப்பலேறி வெளிநாடு போகிற வண்டிக்கு ஏர்பேக் வைத்த ஸ்டீரிங். அதே நிறம், அதே தகடு, நம் ஊருக்கு என்றால் நடுவில் வெறும் பிளாஸ்டிக் மூடி. லைனில் அதற்குப் பேரே வைத்திருந்தார்கள். முதலாவது பாஸ்போர்ட் வண்டி. இரண்டாவது ரேஷன் கார்டு வண்டி. “சார், அடுத்து பாஸ்போர்ட்டு வருது, பஞ்சு மெத்தைய எடு,” என்று கத்திச் சிரிப்பார்கள். நானும் முதல் வருஷம் சிரித்தேன். நீ பிறந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

உன் அம்மாவையும் இதில் விட்டுவிட முடியாது. நான் ஏர்பேக் என்று ஆரம்பித்தாலே அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். ஒரு நாள் அங்கிருந்தே கேட்டாள். “ஏங்க, நேத்து கொயந்தய ஷேர் ஆட்டோல ஏத்தினு படப்பை போனோமே, அதுல எத்தன ஏர்பேக் கீது?”

“அதுக்குத்தான்டி கார் வாங்கணும்ங்கறேன்.”

“வாங்கற கார்ல தப்பு கண்டுபுடிச்சிகினே இருந்தா ஷேர் ஆட்டோதான் கடைசி வரைக்கும். அந்த ஆட்டோல பதினோரு பேரு குந்தினு வந்தோம். அந்த டிரைவர் கால் பாதி வெளில தொங்குது. அவன்கிட்ட போய் கேளுங்க உங்க கேள்விய.”

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. சரியான வண்டி வரும்வரை காத்திருப்போம் என்று நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் நீ பெட்ரோல் டேங்க் மேல்தான் உட்கார்ந்து வந்தாய். இதை உன் தாத்தா உன்னிடம் சொன்னால், ஆமாம் என்று ஒப்புக்கொள். பிறகு அவருடைய பங்கையும் கேள்.

அவருக்குப் பொறுமை போய்விட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தன் பேரில், தன் பணத்தில் அந்த மிட்-சைஸையே பதிவு செய்துவிட்டார். வெள்ளை, அடிமட்ட ரகம். அவர் பணம், அவர் வண்டி, நான் கேட்க முடியாது. ஆனால் அது வீட்டு வாசலில் நின்றால் நீ அதில் ஏறத்தான் போகிறாய் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. சென்னையில் இருக்கிறவன் கார் வாங்கினால் ஷோரூமில் போய்ப் பார்ப்பான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் அப்படி இல்லை. டீலர் எந்த வண்டியை ஒதுக்கியிருக்கிறான் என்று கேட்டு அதன் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரை வாங்கிவிடுவார்கள். தொழிற்சாலைக்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் உண்டு. அவனிடம் அந்த நம்பரைக் கொடுத்து, ‘கொஞ்சம் பாத்து வெய்யி’ என்பார்கள். உள்ளே இருக்கிறவன் யார்டில் நிற்கும் வண்டிகளில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, கீறல் இருந்தால் தேய்த்து, போல்ட்டை இன்னொரு முறை இறுக்கி, பக்தி இருந்தால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்து அனுப்புவான். யாருக்கும் கெடுதல் இல்லாத பழக்கம் என்று நானும் கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

உன் தாத்தாவின் ஆள் குமரேசன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், கல்யாணமாகி ஊரில் குடும்பம். யார்டை ஒட்டிய ரீவொர்க் பேயில், அதாவது லைனில் குறையோடு வந்த வண்டிகளைச் சரிசெய்யும் இடத்தில், காண்ட்ராக்டில் வேலை. தாத்தாவின் வேனில் தினமும் வருகிறவன். அவனிடம் அவர் சேஸிஸ் நம்பரோடு ஒரு வேண்டுகோளும் கொடுத்திருக்கிறார். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

வண்டி வந்த அன்று குன்றத்தூர் மலையடிவாரத்தில் பூஜை. மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அர்ச்சகர் தட்டைக் காட்டிவிட்டு நகர்ந்ததும் உன் தாத்தா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, உன்னைத் தூக்கி மடியில் வைத்து, உன் கைகளை ஸ்டீரிங்கில் பதித்தார். “வாங்க மாப்ள, இங்க வந்து பாருங்க. ஏர்பேக் ஏர்பேக்னு உயிர எடுத்தீங்களே, இத்த படிங்க.”

ஸ்டீரிங்கின் நடுவில் ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. உன் விரல் அதன் மேல் இருந்தது.

நான் கையை உள்ளே விட்டுச் சாவியை ஒரு சுற்றுத் திருப்பினேன். ஏர்பேக் உள்ள வண்டியில் சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணையும். எல்லாம் சரியாக இணைந்திருக்கிறது என்று வண்டி தன்னைத்தானே சோதித்துச் சொல்வது அது. அந்த விளக்கு எரியவில்லை. எரியாது. முன்பக்கம் மோதலை உணரும் சென்சார் கிடையாது, எப்போது விரிய வேண்டும் என்று முடிவு செய்யும் பெட்டி கிடையாது, ஸ்டீரிங்குக்கு வரும் வயர் கிடையாது. பாஸ்போர்ட் வண்டியின் ஸ்டீரிங்கை எடுத்து ரேஷன் கார்டு வண்டியில் சொருகியிருந்தார்கள். தொழிற்சாலையில் அந்த வாரம் முழுவதும் ஒரு ஏற்றுமதி வண்டி ஸ்டீரிங் இல்லாமல் நின்றது. எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, எங்கே போனது என்று நான்தான் ஸ்டோரைக் குடைந்துகொண்டிருந்தேன். அது என் மகளின் விரலுக்கு அடியில் இருந்தது.

“மாமா, இது வேலை செய்யாது,” என்றேன்.

“எய்திக்கீது பாருங்க.”

“எழுதியிருந்தா ஆச்சா? இதுக்கு வயரே இல்ல.”

“நல்ல நாள் அதுவுமா வாயில இன்னா வருது பாரு இவுருக்கு,” என்று உன் அம்மாவிடம் சொன்னார். “உள்ள நம்ம ஆளு கீறான். அவன் பாத்து பாத்து போட்டது. எவனுக்குக் கெடைக்கும் இது?”

அடுத்த வேலை நாளில் கேன்டீனில் குமரேசனைப் பிடித்தேன். அவன் மறைக்கவில்லை. தட்டில் இருந்த சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே பேசினான். “உங்க மாமா கேட்டாவ சார். தெனமும் வேன்ல எனக்கு முன்சீட்டு குடுக்காவ. ஊருக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவுகளே கொண்டாந்து வுடுதாவ. எப்படி மாட்டேம்னு சொல்ல?”

“அது விரியாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

“தெரியும் சார். ஏன் தெரியாது? மாமாவுக்கு அந்த எழுத்துதான வேணும். உங்க வாய அடைக்கணும்னாவ.”

“என் பொண்ணு அதுல உக்காந்திருக்கா.”

அவன் பிசைவதை நிறுத்தினான். “முன்ன அதுல ஒண்ணுமே இல்லல்லா சார்? இப்பவும் ஒண்ணும் இல்ல. கூடக் கொறச்சு என்ன ஆயிப்போச்சு?”

இந்தக் கேள்வியைத்தான் ஊரே இன்றும் என்னிடம் கேட்கிறது. அதனால் உனக்கு விளக்கமாகச் சொல்கிறேன். ஒன்றும் இல்லாத வண்டியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்து ஓட்டுகிறவன் பயந்து ஓட்டுவான். இருக்கிறது என்று நம்புகிறவன் பயப்பட மாட்டான். அதோடு, அந்த மூடிக்குள் இருப்பது பஞ்சு இல்லை. ஒரு சின்ன வெடி. வயர் இல்லாத வெடியை நாளைக்கு எந்த மெக்கானிக் எந்தப் பேட்டரியோடு சேர்த்து நோண்டுவான் என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்று, ஒருவன் எடுக்க முடிந்ததை நாலு பேர் எடுப்பார்கள். அப்புறம் எங்கள் லைனில் இருந்து வெளியே போகும் எந்த வண்டியில் எது உண்மை என்று யார் சொல்வது?

நான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். குமரேசனுக்கு வேலை போயிற்று. காண்ட்ராக்ட் ஆள், விசாரணைகூடப் பெரிதாக இல்லை; மறுநாள் கேட்டில் அவன் அட்டை வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். அவனுக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள். இது எனக்குத் தெரிந்துதான் எழுதிக் கொடுத்தேன். திரும்ப அதே நிலை வந்தாலும் எழுதிக் கொடுப்பேன். இதில் உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு எதுவும் இல்லை. உனக்குப் பிடிக்காவிட்டால் அது உன் உரிமை.

கம்பெனியில் இருந்து இரண்டு பேர் வந்து அந்த ஸ்டீரிங்கைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பதிலாகப் போட வேண்டிய வெறும் ஸ்டீரிங்கைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். அன்று முழுவதும் மாலையும் சந்தனமுமாக அந்தப் புது வண்டி ஸ்டீரிங் இல்லாமல் தெருவில் நின்றது. தெருவே வந்து பார்த்தது. “இன்னா நைனா, ஸ்டீரிங் தனியா வாங்கணுமா இதுக்கு?” என்றான் எதிர்வீட்டுக்காரன். “ஸ்டார்ட் பண்ணி வுட்டா அதுவே வேலைக்குப் போயிடுமாம்பா,” என்றான் இன்னொருவன். உன் தாத்தா வாசல் பக்கமே வரவில்லை. சாயங்காலம் மாடிக்கு ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், “ஒரு பையன் சோத்துல மண்ணப் போட்டீங்க. என் மானத்த ரோட்ல நிறுத்தனீங்க. இப்ப திருப்தியா மாப்ள?” என்றார். நான், வண்டிக்கு இப்போதுதான் பொய் இல்லை என்றேன். உன் அம்மா கதவைச் சாத்தினாள். எங்கள் இருவரில் யாரை வெளியே வைத்துச் சாத்தினாள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அடுத்த வாரமே குமரேசனைத் தன் வேனுக்கு டிரைவராக வைத்துக்கொண்டார். நான் ஏறும் வேனுக்கு. காலையில் கதவைத் திறந்தால் ஸ்டீரிங்கில் அவன் இருப்பான். “ஏறுங்க சார்,” என்பான், கண்ணாடியைப் பார்த்தபடி. முன்சீட்டு காலியாகவே இருக்கும். யாரும் எனக்கு அதைக் காட்ட மாட்டார்கள். வேனில் இருந்த இருபது பேரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரகடம் வரை ஒரே சத்தம் எஃப்.எம்.தான்.

இனி உன் நெற்றிக்கு வருகிறேன்.

வெறும் ஸ்டீரிங் மாட்டிய பிறகு வண்டி ஓடத் தொடங்கியது. உன்னை மடியில் வைத்து ஓட்டுவதை அவர் நிறுத்தவில்லை. சொன்னேன். கத்தினேன். “என் பேத்திய என் மடியில வெக்கறதுக்கு உங்க கம்பெனில பர்மிஷன் வாங்கணுமா?” என்றார். நீயும் சும்மா இல்லை. கார் சாவி சத்தம் கேட்டால் கொலுசு குலுங்க ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வாய். ஒரு பகலில், நான் ஷிஃப்டில் இருந்தபோது, வேன் ஷெட்டுக்குப் போகிறேன் என்று உன்னையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நடுரோட்டில் நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார். வண்டி எதிலும் மோதவில்லை. ஆட்டோவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. நீ மட்டும் மோதினாய், ஸ்டீரிங் விளிம்பில்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். பார்த்தேன். அதற்காக விட்டுவிடவில்லை. “மடியில வெச்சது யாரு?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அத்த நீங்க கயட்டாம இருந்திருந்தா கொயந்தைக்கு அடியே பட்டிருக்காது.”

“எதை?”

“ஏர்பேக்கத்தான்.”

“மாமா, அது செத்த பை. விரியவே விரியாது.”

“விரியாட்டி போவுது. மெத்துனு இருந்திருக்கும் இல்ல?”

அது மெத்தென்று இருக்காது, கெட்டி பிளாஸ்டிக், உள்ளே இரும்பு. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா உன் காலைப் பிடித்தபடியே திரும்பினாள். “ரெண்டு பேரும் வெளில போங்க. ஊசி போட்றாங்க அவளுக்கு. உங்க வண்டியத் தூக்கிகினு வெளில போங்க.”

போனோம். ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். அன்று அவர் சொன்னதுதான் இன்றைக்குத் தெருவில் ஓடும் கதை. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அவர் அதை நம்புகிறார்.

இப்போது உண்மையைக் கேட்டுக்கொள். அந்த வண்டியில் வேலை செய்யும் ஏர்பேக்கே இருந்திருந்தாலும் அன்று அது விரிந்திருக்காது. வெறும் பிரேக்குக்கு அது விரியாது, மோதல் வேண்டும். மோதியிருந்தால் விரிந்திருக்கும், விரிந்து உன் மேல் அடித்திருக்கும். பெரியவன் ஒருவன் பெல்ட் போட்டு ஒரு கை தள்ளி உட்கார்ந்தால் அவனைக் காப்பதற்குச் செய்த வெடி அது. ஸ்டீரிங்கை ஒட்டி மடியில் இருக்கும் குழந்தையை அது கொன்றுவிடும். அதாவது, நான் மாதக்கணக்கில் சண்டை போட்டு வாங்க நினைத்த அந்தச் சின்ன வண்டியை, உச்ச ரகத்தை, அந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால், உன் தாத்தா அதிலும் உன்னை மடியில்தான் வைத்திருப்பார். ஷோரூமில் நின்று அந்தப் பையனைத் திட்டினேன், குமரேசனை வேலையை விட்டு அனுப்பவைத்தேன். உனக்கென்று ஓர் இருக்கை வேண்டும் என்று மட்டும் நான் உட்பட யாரும் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது. உறைத்ததும் அவர் மேல் இருந்த கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

அதனால் நாளைக்கு நீ கார் வாங்கப் போய், சின்னதா பெரிசா என்று என்னிடம் போன் பண்ணாதே. நீளத்தை டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். முதலில் யார் யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்று யோசி. ஒவ்வொரு இடத்துக்கும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பெல்ட் இருக்கிறதா என்று இழுத்துப் பார். சாவியைத் திருப்பி விளக்கு எரிந்து அணைகிறதா பார். ஒரே விலையில் பெரிய வண்டியின் அடிமட்டமும் சின்ன வண்டியின் உச்சமும் கிடைத்தால் சின்னதையே எடு. எவனாவது ‘உள்ள நம்ம ஆளு கீறான்’ என்றால் அந்த வண்டியை அவனுக்கே விட்டுவிட்டு வெளியே வா. பணம் மிச்சம் இருந்து எல்லாம் உள்ள பெரிய வண்டி வாங்க முடிந்தால் வாங்கிக்கொள், எனக்கு அதில் பொறாமை இல்லை.

தையல் பிரித்த பிறகு நாம் படப்பைக்குக் குடிவந்தோம். புது மனைப் பிரிவில் ஒரு வாடகை வீடு, முன்னால் செம்மண், மழை பெய்தால் சேறு. நான் கடன் போட்டு அந்தச் சின்ன வண்டியை வாங்கினேன். கூடவே, பின்சீட்டில் பெல்ட்டால் இறுக்கிக் கட்டும் குழந்தை இருக்கை ஒன்று. ஒரகடத்தில் கேட்டால் ஒருவனுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. சென்னைக்குப் போய் வாங்கிவந்தேன். முதல் நாள் உன்னை அதில் உட்காரவைத்துப் பூட்டியதும் நீ எழுப்பிய அலறலில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் சாரத்தில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். உன் அம்மா, “கொஞ்ச தூரம்தாங்க, மடில வெச்சிக்கறேன்,” என்றாள். சாவியை எடுத்துவிட்டேன். அவள் உன் பெல்ட்டில் இருந்து கையை எடுக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை. நீ அழுதாய், அவள் அழுதாள், நான் ஓட்டினேன். இன்னொன்றும் சொல்கிறேன், உன் தாத்தா படித்துச் சந்தோஷப்படட்டும்: அந்த இருக்கையைப் போட்டால் சின்ன வண்டியில் முன்சீட்டை முன்னே தள்ள வேண்டியிருக்கிறது, உன் அம்மாவின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கிறது. அவருடைய வண்டியில் இடிக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். உன்னை மலைக்கோவிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். அவர் குரல் கேட்டதுமே நீ செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினாய். நான் குழந்தை இருக்கையைக் கழற்றி எடுத்துவந்து அவர் வண்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“இன்னா இது?”

“பின்சீட்டுல இதை வெச்சுக் கட்டித் தரேன். அவ இதுல உக்காந்தா கூட்டிட்டுப் போங்க.”

“கொயந்தய கட்டிப் போட்டுகினு சாமி பாக்கப் போவணுமா?”

“ஆமா.”

“நான் கொன்னுடுவேன்னு நெனக்கிறீங்க.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அவர் வண்டியில் ஏறித் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சேற்றில் அந்தப் பெரிய வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஏறிப் போனது.

நீ கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாத்தா, தாத்தா என்று கத்தினாய். பிறகு திரும்பி வந்து என் முழங்காலில் அடித்தாய், இரண்டு கையாலும், மூச்சு வாங்கும்வரை. நான் நகரவில்லை. அவர் இனி வராமலே போகலாம். அப்படிப் போனால் அது என்னால்தான் என்று உனக்குச் சொல்லப் பலர் இருப்பார்கள், அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். என் நிபந்தனையில் மாற்றம் இல்லை. நீ பெரியவளாகி, இதைப் படித்து முடித்து, என்னிடம் வந்து சண்டை போடு. சத்தமாகப் போடு. நீ முழுசாக இருந்து என்னோடு சண்டை போட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

உன் தாத்தாவோடு இன்னும் பேசாத,
உன் அப்பா
படப்பை